வெள்ளைப் பட்டைகளைத் தாண்டி

ஜூன் 18

அண்ணா,

போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். மெயில் அனுப்பினால் "சரி, பார்க்கலாம்" என்று ஒரு வரி போட்டுத் தப்பித்துக்கொள்கிறாய். அதனால்தான் காகிதம். கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம். ஆனால் கிழிக்க இரண்டு கை வேண்டும். உனக்கு இப்போது ஒன்றுதான் வேலை செய்கிறது என்று அண்ணி சொன்னார்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் விமானம் எங்கள் ஓடுபாதையின் முனையைத் தாண்டிப் புல்லில் ஓடி, மழைநீர்க் கால்வாயில் மூக்கைக் குத்தி நின்று மூன்று மாதம் ஆகிறது. யாரும் சாகவில்லை. உன் தோள் எலும்பு உடைந்தது. பணிப்பெண் ஒருத்திக்கு இடுப்பு முறிந்து, இன்னும் எழுந்து நடக்கவில்லை. விசாரணைக் குழுவின் வரைவு அறிக்கை போன வாரம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஓடுபாதையைப் பராமரிக்கும் பொறியாளர் நான் என்பதால் என் மேசைக்கும் வந்தது. நீ அவர்களுக்குக் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தேன். "தரை தொட வேண்டிய இடத்தைத் தவறாகக் கணித்தேன். தவறு முழுக்க என்னுடையது." அவ்வளவுதான். ஆகஸ்டில் இறுதி அமர்வு. அங்கேயும் இதையே சொன்னால் கோப்பை மூடிவிடுவார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு பெரிய மழை.

அறிக்கை வந்த அந்த வாரம் நாங்கள் ஓடுபாதையில் ரப்பர் சுரண்டிக்கொண்டிருந்தோம். உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். விமானம் இறங்கும்போது சக்கரம் சுற்றாமல் வந்து தரையில் இழுபடுகிறது. தேய்ந்த ரப்பர் கருப்பாகப் படிந்துவிடும். மழை பெய்தால் அது வழுக்கும். அழுத்தத் தண்ணீர் வண்டியை ஓட்டி அதை உரித்தெடுப்பது எங்கள் வேலை. கருப்பு எங்கே கெட்டியாக இருக்க வேண்டும்? நீங்கள் குறி வைத்து இறங்குவதற்காக நாங்கள் அடித்துவைத்திருக்கும் அகலமான வெள்ளைப் பட்டைகளுக்குப் பக்கத்தில். அங்கே லேசாகத்தான் இருக்கிறது. பட்டைகளைத் தாண்டி, வெகுதூரம் தாண்டி, ஓடுபாதையின் நடுவை நெருங்கும் இடத்தில் தார் பூசியதுபோல் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவர் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "மேடம், பட்டை அங்க, கருப்பு இங்க. பெயிண்டர் குடிச்சிட்டு அடிச்சுட்டானா?" என்றார்.

நீ ஒருநாள் இறங்கியதில் இவ்வளவு கருப்பு படியாது. இது எல்லோரும் தினமும் செய்வது.

ஒரே கேள்வி. அன்றைக்கு நீ தவறாகக் கணித்தாயா? இல்லை, தெரிந்தேதான் பட்டையைத் தாண்டி நீட்டி இறங்கினாயா?

உன் தங்கை

---

ஜூன் 27

தங்கச்சி,

சொல்வது நான், எழுதுவது உன் அண்ணி. எனவே மரியாதையாகத்தான் இருக்கும்.

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

ஒன்று தெரிந்துகொள். என் பின்னால் நூற்று நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று ஏறும்போது அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை. இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்திருப்பவன்தான் பொறுப்பு. அதற்காகத்தான் அந்த இருக்கை. மழை பெய்தது, காற்று திரும்பியது, துணை விமானி சின்னவர், ஓடுபாதை வழுக்கியது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். உன் ஓடுபாதையைப் பற்றிக்கூட ஒரு குறை சொல்லவில்லை. உன்னையும் உன் ஆட்களையும் யாரும் ஒரு கேள்வி கேட்காமல் காப்பாற்றியிருக்கிறேன். அதற்கு நன்றி சொல்லாமல் குறுக்கு விசாரணை செய்கிறாய்.

(இந்த இடத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் எழுதவில்லை. உன்னைப் பற்றியதுதான். நீயே ஊகித்துக்கொள்ளலாம் - அண்ணி.)

கருப்பு எங்கே இருக்கிறது என்பது உன் துறை. அதைச் சுரண்டு. என் தவறு என் துறை. அதை என்னிடம் விட்டுவிடு.

பணிப்பெண்ணைப் பார்க்க அடுத்த வாரம் போகிறோம். அவள் அம்மா கதவைத் திறப்பாரா என்று தெரியவில்லை. போன தடவை திறக்கவில்லை.

அண்ணன்

(அவர் நன்றாகச் சாப்பிடுகிறார். தூங்குவதில்லை. நீ கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதை எழுதும்போதே கவனித்தேன். உனக்கும் தெரிந்திருக்கும் - அண்ணி.)

---

ஜூலை 4

அண்ணா,

அண்ணிக்கு என் நன்றி. அவர் எழுதாமல் விட்ட வாக்கியம் எனக்கு மனப்பாடம். சின்ன வயதிலிருந்து கேட்கிறேன்.

நீ பதில் சொல்லாததால் நானே தேடிப் போனேன். டவரில் வேலை பார்க்கும் ஒருவரை கேன்டீனில் பிடித்தேன். வானத்தில் இருக்கும் உங்களுக்கெல்லாம் குரலாக மட்டும் தெரிகிறவர். ஆள் ரொம்பச் சாது. "எல்லா விமானமும் பட்டையைத் தாண்டி இறங்குதே, ஏன்?" என்றேன். கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு, "ஏன் மேடம், வேற எங்க இறங்குவாங்க? திருப்பம் கடைசியிலதானே இருக்கு?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் அந்த ஓடுபாதையில் வண்டியில் போகிறேன், எனக்கு உறைக்கவில்லை. டெர்மினலுக்குத் திரும்பும் வழி ஒன்றே ஒன்றுதான். அது முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பட்டையில் ஒழுங்காக இறங்கினால் வேகம் குறைந்து, மீதித் தூரம் முழுக்க மாட்டுவண்டிபோல் உருட்டிக்கொண்டு போக வேண்டும். பின்னால் வரும் விமானம் காத்திருக்கும். டவர் பதறும். அதனால் கொஞ்சம் மிதக்கவிட்டு, நீட்டி இறங்கி, பிரேக் பிடித்தால் நேராகத் திருப்பத்தின் வாசலில் நிற்கும். டவருக்கு சந்தோஷம். கம்பெனிக்கு சந்தோஷம். காய்ந்த தரையில் ஒரு ஆபத்தும் இல்லை. யாரும் எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம். புதிதாக வருகிறவர்கள் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

இதைத்தான் நீ "தவறாகக் கணித்தேன்" என்று எழுதியிருக்கிறாய்.

கோபப்படு, பரவாயில்லை. தவறு முழுக்க உன்னுடையது என்று நீ சொல்வது பெருந்தன்மை இல்லை. அகம்பாவம். நம் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஞாபகம் இருக்கிறதா? தொட்டி வழிந்து கீழ்வீட்டுக்காரர் கட்டில் நனைந்தது. "நான்தான் மோட்டாரை நிறுத்த மறந்துட்டேன்" என்று முன்னால் போய் நின்றாய். அப்பா இரண்டு போட்டார். அத்தோடு முடிந்தது. நீ மறக்கவே இல்லை, நிறுத்தினாய். சுவிட்ச்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ அடி வாங்கிவிட்டதால் சுவிட்சை யாரும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் மறுபடி வழிந்தது. அந்தத் தடவை கீழ்வீட்டில் கரண்ட் அடித்தது.

எனக்கு நன்றி சொல்லத் தெரியும். என் ஆட்களைக் காப்பாற்றினாய், நன்றி. ஆனால் நெரிசல் குறையட்டும் என்று நடுவில் ஒரு திருப்பம் வெட்ட நான் அனுமதி கேட்டு மூன்று வருடம் ஆகிறது. "என்ன அவசியம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவசியம் என்ன என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. அமர்வில் சொல்.

உன் தங்கை

---

ஜூலை 15

தங்கச்சி,

இடது கையால் நானே எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். இதை அவள் எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆமாம். தெரிந்தேதான் நீட்டினேன்.

மழை லேசாகத்தான் பெய்தது. பின்னால் ஒரு விமானம் வருகிறது, சீக்கிரம் வெளியேற முடியுமா என்று டவர் கேட்டது. முடியும் என்றேன். நூறு தடவை சொன்ன பதில். பட்டைகள் அடியில் போவதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மிதக்கவிட்டேன். காற்று அதற்குள் முதுகுப்பக்கம் திரும்பியிருந்தது. எண்ணெய் தடவின மாதிரி விமானம் வழுக்கிக்கொண்டு போனது, தரை வரவே இல்லை. பக்கத்தில் துணை விமானி, சின்னவர், கையைத் தூக்கினார். நான் கவனித்தேன். என்னமோ சொல்லப் போகிறார் என்று தெரிந்தது. மறுபடி கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். விதி என்ன தெரியுமா? இரண்டு பேரில் யார் "கோ-அரவுண்ட்" என்று சொன்னாலும், ஏன் எதற்கு என்று கேட்காமல் மேலே ஏறிவிட வேண்டும். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பிறகு சக்கரம் தொட்டது. பிரேக்கை முழுக்க மிதித்தேன். பாத்ரூம் தரையில் சோப்பை மிதித்ததுபோல் இருந்தது. திருப்பம் என் பக்கமாகப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே தாண்டினேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். சொல்ல மாட்டேன்.

இதைச் சொன்னால் என் தவறு மட்டும் இல்லை, என்னோடு இத்தனை வருடம் பறந்த ஒவ்வொருவர் தவறும் வெளியே வரும். எல்லோருடைய விமானப் பதிவுப்பெட்டிகளையும் திறப்பார்கள். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடும் நெட்டை கேப்டனை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டவர். போன ஞாயிறு பார்க்க வந்தார். என் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "உன்னோட போகட்டும்ப்பா. நீ தாங்குவ. அவனவன் வீட்ல பிள்ளைங்க படிக்குது" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. கம்பெனியும் சொல்லி அனுப்பியிருக்கிறது. கணிப்புப் பிழை என்றால் பயிற்சி கொடுத்து, வருடக் கடைசியில் மறுபடி என் இருக்கையில் உட்காரவைப்பார்களாம். வேறு ஏதாவது என்றால் அவர்களால் வாக்குக் கொடுக்க முடியாதாம்.

இருபது வருடம் அந்த இருக்கைக்காக வாழ்ந்திருக்கிறேன். அகம்பாவம் என்றால் அகம்பாவம். கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு அதில் உட்கார முடியாது. காட்டிக்கொடுத்தால் உட்காரவும் விடமாட்டார்கள்.

இதற்குப் பதில் எழுதாதே. கை வலிக்கிறது.

அண்ணன்

---

ஜூலை 29

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கை வலித்தால் நீ பதில் போட வேண்டாம், படித்தால் போதும்.

முந்தாநாள் சாயங்காலம் மழை. நான் வேலிப்பக்கம் கால்வாய் அடைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கம்பெனி விமானம் ஒன்று வந்தது. பட்டைக்கு மேலே மிதந்தது, தாண்டியது. குடையைக் கீழே போட்டுவிட்டேன். அது நீ தொட்ட இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் சுவராக எழும்பியது. திருப்பத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. கடைசியில் இருக்கும் சிவப்பு விளக்கு வரிசைக்கு முன்னால் நின்றது. உன்னைப்போல் புல்லுக்குப் போகவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியே ஒரு நிமிடம் நின்றது. பிறகு மெதுவாகச் சுற்றித் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல் டெர்மினலுக்குப் போனது. நானும் ஓடினேன். பயணிகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என் சட்டையைப் பார்த்துவிட்டு விமான நிலைய ஆள் என்று புரிந்துகொண்டு, "என்னம்மா, பெட்டி எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார். அவருக்கு எதுவுமே தெரியவில்லை. நான் வழியைக் காட்டினேன். வேறு என்ன செய்வது?

எல்லோரும் போன பிறகு விமானிகள் இறங்கினார்கள். கேப்டன் எனக்குத் தெரியாதவர். துணை விமானியைத் தெரியும். அன்றைக்கு உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் சின்னவர். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலையில் அந்தச் சக்கரத் தடத்தோடு நடந்தேன். என் மேலதிகாரியிடம் சொன்னேன். "எதுவும் ஆகலையே, எதுக்கும்மா கிளறுற?" என்றார். கிளறத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அமர்வில் முதல் நாள் ஓடுபாதை பற்றி என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கருப்பை முழுக்கப் படம் எடுத்திருக்கிறேன். எங்கே தொடங்குகிறது, எங்கே கெட்டியாகிறது, முந்தாநாள் தடம் எங்கே முடிகிறது, எல்லாவற்றையும் காட்டுவேன். இதனால் என்னை எந்த மூலைக்கு மாற்றினாலும் சரி.

ஆனால் நான் காட்டுவது எங்கே தொடுகிறார்கள் என்பதை மட்டும்தான். ஏன் அங்கே தொடுகிறார்கள் என்று கேட்டால் நான் கேன்டீனில் கேட்ட கதையைத்தான் சொல்ல முடியும். "ஓடுபாதை எஞ்சினியர், அதுவும் அந்தக் கேப்டனின் தங்கை, அண்ணனைக் காப்பாற்றப் பேசுகிறாள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்தவன் சொன்னால்தான் எடுபடும்.

நீ யாரைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறாயோ, முந்தாநாள் அவர்கள்தான் அந்த விமானத்தில் இருந்தார்கள்.

உன் தங்கை

---

ஆகஸ்ட் 3

தங்கச்சி,

சின்னவருக்குப் போன் போட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தார்.

"பட்டை தாண்டினதைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன் சார்."

"சொன்னீங்களா?"

அவர் சொன்னார்: "வாய் வரல சார். உங்ககிட்டயே சொல்லலை. நீங்களும் அதைப் பத்தி அப்புறம் ஒரு வார்த்தை கேட்கலை. கணிப்பு தப்பிடுச்சுன்னு எழுதிட்டீங்க. அப்ப நான் செஞ்சதுல தப்பு ஒண்ணும் இல்ல போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அமர்வுக்கு வருகிறேன். அங்கே உன்னோடு தங்க முடியாது, இருவருமே சாட்சிகள் என்பதால் முடியும் வரை பேசக் கூடாதாம். நல்லதுதான். பேசினால் நீ கத்துவாய்.

அண்ணன்

(நேற்று பணிப்பெண்ணின் அம்மா கதவைத் திறந்தார். தண்ணீர் மட்டும் கொடுத்தார். இவர் அந்தப் பெண்ணிடம், "உன் இடுப்பு எதனால முறிஞ்சதுன்னு நான் இன்னும் முழுசா சொல்லலை, சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். ராத்திரி தூங்கினார் - அண்ணி.)

---

ஆகஸ்ட் 22

தங்கச்சி,

முதல் நாள் பேசிவிட்டு நீ உடனே ஊருக்குக் கிளம்பிவிட்டாய், மழைக்கு முந்தைய வேலை இருக்கிறது என்றார்கள். இரண்டாம் நாள் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

அறை சாதாரண அறைதான். நீளமான மேசை, தண்ணீர்க் குடுவை, சுவரில் ஓடாத கடிகாரம். பின்வரிசையில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர். ஒட்டகமும் இருந்தார், உட்கார்ந்திருந்தும் எல்லோரையும்விட உயரமாகத் தெரிந்தார். குழுவின் தலைவர் வயதான பெண்மணி. என் பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, இதில் மாற்றம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். பின்னால் ஒரு நாற்காலி கிரீச்சென்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். திருப்பம், டவர் கேட்டது, நான் முடியும் என்றது, பட்டையைப் பார்த்துக்கொண்டே தாண்டியது. சின்னவர் கையைத் தூக்கியதைக் கவனித்தும் "என்ன?" என்று நான் கேட்காததையும் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேப்டன், முன்னாடி சொன்னதிலும் தப்பு உங்களுடையது, இதிலும் உங்களுடையதுதான். என்ன வித்தியாசம்?" என்றார்.

"முதலில் சொன்னது உண்மை என்றால் எனக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் போதும். இது உண்மை என்றால் எனக்கு மட்டும் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை" என்றேன்.

"வேறு யார் யார் இப்படிச் செய்கிறார்கள்?"

"பெயர் சொல்ல மாட்டேன். நேற்று இங்கே படம் போட்டுக் காட்டினார்கள். அவ்வளவு கருப்பை ஒரு ஆளால் போட முடியாது."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. எழுதிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் தட்டோடு போய் உட்கார்ந்தேன். எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். என் மேசைக்கு யாரும் வரவில்லை. ஒட்டகம் தண்ணீர் எடுக்க என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், போனார், வந்தார், பார்க்கவில்லை. கல்யாணத்தில் நெற்றியில் கட்டு போட்டுக்கொண்டே பந்தி பரிமாறிய மனிதர்.

அப்போது ஒல்லியாக ஒருவர் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். முகம் தெரியாது. "உப்பு கொஞ்சம் தள்ளுங்க" என்றார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. உன் டவர்காரர். இத்தனை வருடத்தில் முதல் தடவை பார்க்கிறேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும் முன்னால், "நாங்க கேட்டோம், நீங்க குடுத்தீங்க. நீங்க மட்டும் எதுக்குத் தனியா உக்காந்து சாப்பிடணும்?" என்றார்.

சாயங்காலம் அவரே எழுந்து, பேச அனுமதி கேட்டார். அரை மணி நேரம் பேசினார். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை.

நீ பேசியதைப் பற்றியும் சொன்னார்கள். மேலதிகாரி முன்னாலேயே, அவர் திருப்பி அனுப்பிய கடிதங்களைப் பற்றிச் சொன்னாயாமே. உனக்கு அடங்கி நடக்கவே தெரியாது.

அண்ணன்

---

செப்டம்பர் 19

அண்ணா,

உத்தரவு வந்துவிட்டது. உன் கைக்கு வேறு ஒரு கடிதமும் வந்திருக்கும். ஒரு வருடம் வலதுபக்க இருக்கை, துணை விமானியாக. அதன் பிறகு பார்ப்பார்களாம். அண்ணி போனில் சொன்னார்.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ பெருந்தன்மையாக மன்னித்துவிடுவாய். அதை என்னால் தாங்க முடியாது.

எங்கள் உத்தரவில் இருப்பதைச் சொல்கிறேன். பட்டை தாண்டிக் கொஞ்ச தூரத்துக்குள் சக்கரம் தொடாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். அப்படி ஏறியவரிடம் கம்பெனி விளக்கம் கேட்கக் கூடாது. இறங்கும் விமானத்திடம் டவர் சீக்கிரம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது, பின்னால் வருவது காத்திருக்கட்டும். நடுவில் திருப்பம் வெட்ட அனுமதி கொடுத்துவிட்டார்கள். மழை ஓய்ந்ததும் தோண்டுவோம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, "சந்தோஷமாம்மா?" என்று கேட்டார். "தோண்டுற மெஷின் எப்ப சார் வரும்?" என்று கேட்டேன். கும்பிடு போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

உத்தரவு காகிதத்தில்தான் இருக்கிறது. போன வாரத்தில் இரண்டு பேர் மறுபடி நீட்டி இறங்கினார்கள். காய்ந்த தரைதான். ஆனாலும் இறங்கினார்கள். பழக்கம் காகிதத்தைப் படிக்காது. மேலே விமானத்துக்குள் உட்கார்ந்து ஒருவர் சொல்லியாக வேண்டும். அதை என்னால் இங்கிருந்து செய்ய முடியாது.

நீ எங்கள் ஊருக்குப் பறக்கும் தேதியைச் சொல்லாதே. சொன்னால் அன்றைக்கு என் வேலை ஓடாது.

உன் தங்கை

---

நவம்பர் 11

தங்கச்சி,

வலது கையால் எழுதுகிறேன். எழுத்து அப்போதும் கோழி கிளறியதுதான் என்று உன் அண்ணி சொல்கிறாள்.

தேதி சொல்லாதே என்றாய், சொல்லவில்லை. நேற்று உங்கள் ஊருக்கு வந்தேன். விபத்துக்குப் பிறகு முதல் தடவை. பணிப்பட்டியலைப் பார்த்தபோதே தெரியும், இடது பக்கம் ஒட்டகம். அமர்வுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதில்லை. நேற்றும் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார், அதுவும் "நீங்க" போட்டு. ஒரு மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

உங்கள் ஊரில் மழை. ஓட்டியது அவர். நன்றாகத்தான் கொண்டுவந்தார், என்னைவிட நன்றாக ஓட்டுவார். வேலியைத் தாண்டினோம். பட்டைகள் அடியில் வந்தன. சக்கரம் தொடவில்லை. அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை தெரியுமா? கை தானாகவே கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இருபது வருடக் கை. பட்டைகள் போய்விட்டன. அந்தக் கருப்பு இடம் வருகிறது. நான் குனிந்து பார்த்தேன், என் கை என் முழங்காலில் இருந்தது. சின்னவர் கை இருந்த அதே மாதிரி. இவ்வளவு நடந்தும், அவ்வளவு பேர் முன்னால் நின்று சொல்லியும், என் வாயும் வரவில்லை. இன்னும் ஒரு நொடியில் தொட்டுவிடும், எதற்கு வம்பு, இந்த மனிதர் ஏற்கனவே என்னோடு பேசுவதில்லை என்று மனசு சொல்கிறது. அந்த நொடி எவ்வளவு நீளமானது என்று எனக்கு அதுவரை தெரியாது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

"கோ-அரவுண்ட்" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. ஒட்டகம் திடுக்கிட்டார். ஆனால் கை நிற்கவில்லை, இயந்திரங்கள் உறுமின, மூக்கு தூக்கியது. பழைய திருப்பம், சிவப்பு விளக்கு, கால்வாய், புல் எல்லாம் அடியில் போயின. உன் வண்டி ஒன்று வேலியோரம் நின்றது. நீ இருந்தாயா என்று தெரியவில்லை.

டவரில் நம் ஒல்லிக்காரர்தான். "சரி. நிதானமா வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பயணிகளுக்குச் சொல்ல வேண்டுமே. மோசமான வானிலை என்று சொல்வதுதான் எங்கள் வழக்கம். ஒட்டகம் மைக்கை எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "இறங்க வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டோம். அதனால் இறங்கவில்லை. சுற்றிக்கொண்டு மறுபடி வருகிறோம்" என்று சொல்லி வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் காது சிவந்திருந்தது.

இரண்டாம் தடவை பட்டையிலேயே போட்டார். ஆணி அடித்ததுபோல். பிரேக் பிடித்து வேகம் குறைந்து, மாட்டுவண்டிபோல் உருண்டோம். மழை கண்ணாடியில் வழிகிறது. எங்கள் முன்னால் இன்னும் பாதிக்கு மேல் ஓடுபாதை காலியாகக் கிடந்தது. ஒட்டகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அமர்வுக்குப் பிறகு முதல் தடவையாக "நீங்க" போடாமல் பேசினார்.

"எத்தனை வருஷமா வர்றேன்! இந்த ரன்வே இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியவே தெரியாதுடா."

அண்ணன்